அடிவயிற்றில் வெள்ளைக் கோடு

தாளடி அறுத்து, வைக்கோல் கட்டும் மெஷினும் ஊரைவிட்டுப் போன பிறகு, கீழக்கொண்டியூர் சிமெண்டுக் களத்தில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. கடல் அங்கிருந்து டிராக்டரில் போனால் அரைப்பொழுது. ஆற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை, கோரையாற்று மணலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வறட்சியில், பழைய டயர்களின் மேல், வயிறு வானத்தைப் பார்க்க ஒரு பாய்மரப் படகு கிடந்தால் போகிறவன் வருகிறவன் சும்மா போவானா?

"என்னடா இளவழகா, மேட்டூர்ல இந்த வருசம் அம்புட்டுத் தண்ணியா தொறக்கப் போறான்?" என்று கேட்டார் அடுத்த வயல்காரர் வைரக்கண்ணு.

"வெள்ளம் வந்தா மொத ஆளா ஒங்களத்தாங்க ஏத்துவேன். நீங்க இல்லாம அப்புறம் நான் யார்கிட்ட வரப்புச் சண்டை போடுறது?" என்றான் இளவழகன்.

வைரக்கண்ணு சிரித்துவிட்டுப் போனார். இளவழகன் மறுபடி படகைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு அந்தக் காட்சி அலுக்கவில்லை. காரணம் இருக்கிறது.

துபாய்ப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் இருபது வருஷத்துக்குக் கிட்ட அவன் உழைத்தான். என்ன வேலை என்றால், படகின் அடிவயிற்றைச் சுரண்டி, கழுவி, பெயின்ட் அடிக்கிற வேலை. கடலில் கிடக்கிற படகுக்கு அடியில் பாசி பிடிக்கும், கொட்டலசு பிடிக்கும். கொட்டலசு என்பது ஓட்டுக்குள் குடியிருக்கிற சின்னப் பிராணி. ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் உயிர் போனாலும் ஓடு போகாது. அது ஏறினால் படகு கல்லைக் கட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கரையேற்றி, அடியில் மருந்துப் பெயின்ட் அடிப்பார்கள். தூக்கி நிறுத்திய படகுக்குக் கீழே மல்லாந்து படுத்துத்தான் வேலை. பெயின்ட் முகத்தில் சொட்டும். மாலையில் எச்சில் துப்பினால் நீலமாக வரும், இல்லை சிவப்பாக வரும். அன்றைக்கு எந்தப் படகு என்பதைப் பொறுத்தது அது. அத்தனை படகுக்கு அடி பார்த்தவன், ஒன்றின் மேலும் ஏறி உட்கார்ந்ததில்லை. ஏறச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அங்கே அவனுக்கு ஒரு கனவு வரும். ஊரில் வரப்பில் மல்லாந்து படுத்திருப்பான். வானத்தில் படகுகள் மேகம்போல நகர்ந்து போகும். சத்தமே இருக்காது. வெள்ளை வயிறு, கறுப்பு வயிறு, சிவப்பு வயிறு. அவற்றின் நிழல் நாற்றின் மேல் ஊர்ந்து, அவன் மேலேயும் குளிர்ச்சியாக ஊர்ந்து போகும். கடைசியாக வருகிற சின்னப் படகின் ஓரத்தில் ஒரு கால் தொங்கும். சேற்றுப்புண் ஆறின தழும்பும், மருதாணி அப்பின கறையுமாக ஒரு கால். நீலாம்பாளின் கால். அவன் கையை நீட்டுவான், எட்டாது. முழிப்பு வந்துவிடும். எழுந்து போய் இன்னொரு படகுக்குக் கீழே படுத்துக்கொள்வான்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் மனைவியிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு நாள் என்கூடப் படகுல வரணும் நீலா."

நீலாம்பாள் பத்து வயசிலிருந்து நடவு நட்டவள். குறுவைக்குத் தண்ணீர், சம்பாவுக்குத் தண்ணீர், கால் விரலிடுக்கு காய்ந்ததே கிடையாது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் தண்ணியில நின்னது போதாதா? இன்னும் கடல்ல வேற போயி நிக்கணுமா?"

"நிக்க வேணாம் புள்ள. உக்காரணும்."

"உக்காந்துக்கிட்டா? தண்ணியிலயா? அதுக்கு எவன் கூலி குடுப்பான்?"

"யாரும் குடுக்க மாட்டான். சும்மாதான்."

"சும்மா தண்ணியில எறங்குறதுக்கு எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. இளவழகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

படகு கூத்தாநல்லூரில் கிடைத்தது. பட்டறையில் ஸ்டோர் பார்த்த ஜாஃபர் சாதிக், திரும்பி வரும்போது கண்டெய்னரில் பழைய சாமானோடு அதையும் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து கொல்லையில் போட்டிருந்தார். அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, புண்ணியமாப் போவும். கோழிக்கு நான் வேற வூடு கட்டிக்கிறேன்" என்றார் அவர் மனைவி ஹபீபுன்னிசா. ஜாஃபர் சாதிக்குக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நல்லபடியா வச்சுக்க அழகா" என்று மட்டும் சொன்னார்.

பெயின்டும் அவர் மூலமாகத்தான் கொச்சியிலிருந்து வர வேண்டியிருந்தது. கும்பகோணத்துக் கடைகளில் கேட்டால் இரும்புக் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிறதைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

"எது போடச் சொல்ற அழகா?" என்று போனில் கேட்டார் ஜாஃபர் சாதிக். "கெட்டிப் பெயின்டா, கரையுற பெயின்டா?"

இந்தக் கேள்விக்குப் பட்டறையில் அவன் யோசித்ததே இல்லை. அங்கே மேஸ்திரி டின்னைக் கொடுப்பார், இவன் அடிப்பான். இப்போதுதான் யோசித்தான். கெட்டிப் பெயின்ட் தேங்காய் ஓடுபோல் இறுகிக்கொள்ளும். உள்ளிருந்து மருந்து மட்டும் கசியும். படகு கட்டினது கட்டினபடி கிடந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். கரைகிற பெயின்ட் சோப்புக்கட்டி மாதிரி. படகு ஓட ஓட, தண்ணீர் உரசி மேல்தோல் தேயும். வந்து ஒட்டினதெல்லாம் தேய்கிற தோலோடு கழன்று போய்விடும். புதுத்தோல் வெளியே வரும். ஆனால் படகு ஓட வேண்டும். ஓடாத படகில் அது வெறும் சிவப்பு மண்ணு.

"நீ எங்க ஓட்டப் போற? முத்துப்பேட்டையில கட்டிப் போட்டுட்டு வாரத்துக்கு ஒரு நாளு போயிப் பாத்துட்டு வருவ. கெட்டியே போட்டுக்க" என்றார் ஜாஃபர் சாதிக்.

இளவழகன் திரும்பிப் பார்த்தான். நீலாம்பாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்காததுபோல் இருந்தாள்.

"கரையுறதே அனுப்புங்க பாய். ஓடும்" என்றான்.

"யாரு ஓட்டுறது? ஒத்தையிலயா?"

"ரெண்டு பேரு."

கீரைக்காம்பு ஒன்று பட்டென்று ஒடிந்தது.

படகைத் தார்ப்பாய் விரித்துத்தான் சுரண்டினான். பழைய பெயின்டில் விஷம் இருக்கிறது, நாளைக்கு நெல் காய்கிற களம் அது. தண்ணீர் விட்டு ஈரத்தோடு தேய்த்தான், தூசி பறக்கக் கூடாது என்று. மூக்குக்கு மாஸ்க் கட்டினான். வழிந்த சேற்றை வழித்து டின்னில் அடைத்தான். இருபது வருஷம் எவனும் அவனுக்காகப் பார்க்காத பக்குவமெல்லாம் ஊர்க் களத்துக்காகப் பார்த்தான். ஒரு நாள் நீலாம்பாள் சோறு கொண்டுவந்தவள் புது டின் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, கனம் தாங்காமல் டக்கென்று வைத்தாள்.

"என்ன இது, ஈயத்தைக் காச்சி ஊத்தியிருக்கானா?"

"செம்பு. செப்புப்பொடி."

"பயிருக்கு அடிக்கிற மயில்துத்தம் மாதிரியா?"

"அதுக்கு அண்ணன்."

"இது எதைக் கொல்லும்?"

"கொல்லாது புள்ள. குடி வரவிடாது, அவ்வளவுதான்."

"குடி வர எடம் இல்லன்னா அதுங்க எங்க போவும்?"

இளவழகன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். இந்தக் கேள்வியையும் பட்டறையில் யாரும் கேட்டதில்லை. "வேற படகு பாத்துக்கும்" என்றான். அவனுக்கே அது சரியாகப் படவில்லை.

முதல் பூச்சு கறுப்பு. அதன் மேல் ரெண்டு பூச்சு சிவப்பு. எங்கேயாவது கறுப்புத் தலைகாட்டினால் சிவப்பு தேய்ந்துவிட்டது, மறுபடி அடிக்கணும் என்று அர்த்தம். தண்ணீர்மட்டம் வருகிற இடத்தில் டேப் ஒட்டிவிட்டு உருளையை எடுத்தான். வெயில் ஏறும்வரைக்கும் அடிப்பான். ஏறினால் வேப்பமரத்து நிழலில் ஒதுங்கிவிடுவான், வெயில் நேரத்தில் பெயின்ட் உருளையிலேயே இறுகிவிடும். நிழலில் கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்தால், காய்ந்த வயல் முழுக்கக் கானல் ஓடும். தாள்கட்டைகள் மிதக்கும். வைரக்கண்ணுவின் பம்புசெட் கொட்டகை கரையிலிருந்து கழன்று மெல்ல நகரும். படகு மட்டும் அசையாமல், சிவந்த முதுகோடு, தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடுகிற ஏதோ ஒரு பிராணிபோல் கிடக்கும். பெயின்ட் வாசனை தலைக்கேறும். தான் விழித்திருக்கிறோமா, பட்டறைக் கட்டிலில் படுத்திருக்கிறோமா என்று அவனுக்குச் சந்தேகம் வரும். எழுந்து போய்ப் படகை மேலேயிருந்து குனிந்து பார்ப்பான். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு படகின் அடிவயிறு அவனுக்குக் கீழே இருந்தது. முகத்தில் ஒன்றும் சொட்டவில்லை.

காய்ந்த பிறகு அந்தச் சிவப்பு மினுங்கவில்லை. செங்கல்பொடிபோல் மங்கலாக இருந்தது. அந்தப் பெயின்ட் அப்படித்தான் இருக்கும், மினுமினுப்பு ஆகாது. கோயில் மதிலுக்கு அடிக்கிற செங்காவி மாதிரியே இருந்தது.

பாய்மரத்தைச் சரிசெய்து எடுத்துவர இளவழகன் கூத்தாநல்லூர் போனான். பாயில் கிழிசல் இருந்தது. ஹபீபுன்னிசாவே தையல்மெஷினில் போட்டுத் தைத்துக் கொடுத்தார். மறுநாள் உச்சி திரும்பும் நேரத்தில் மரமும் பாயுமாகக் களத்துக்கு வந்து சேர்ந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

படகின் சிவப்பு வயிற்றில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. தலையிலிருந்து வால்வரை, பட்டை பட்டையாக, நூல் பிடித்தாற்போல். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. ஒரு கோயில் மதில் வந்து களத்தில் கவிழ்ந்து படுத்திருந்தது.

படகுக்குப் பக்கத்தில் நீலாம்பாளும் அடுத்த வீட்டு விஜயலட்சுமியும் கையெல்லாம் வெள்ளையோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலி டின்.

"வாங்க வாங்க" என்றாள் விஜயலட்சுமி. "அண்ணன் மூஞ்சப் பாருடி. பேயறஞ்ச மாதிரி நிக்கிது."

"மொட்டையாக் கெடந்துச்சு" என்றாள் நீலாம்பாள். "வெறுஞ்செவப்புல எந்த ஊர்லயாச்சும் விடுவாங்களா? திருப்பனந்தாள் பக்கம் கும்பாபிஷேகத்துக்கு நாங்க ஒரு மாசம் மதில் அடிச்சோம்ல. நீங்க அப்ப துபாய்ல இருந்தீங்க. நாலு பக்கத்துச் சொவரும் நூல் புடிச்சுக் கோடு போட்டது நான்தான். வந்தவங்கல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க. நீங்கதான் பாக்கல."

"சுண்ணாம்பா?" என்று கேட்டான். சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்துபோய்விடும். பிழைத்தோம்.

"தண்ணியில சுண்ணாம்பு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" நீலாம்பாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "எனாமலு. மன்னார்குடிக்கு ஆள் விட்டு வாங்குனேன். நல்ல எனாமலு."

எனாமல் மருந்தின் வாயை அடைத்துவிட்டது. கோடு விழுந்த இடத்திலெல்லாம் செம்பு உள்ளேயே செத்துக் கிடக்கும். கொட்டலசுக்குப் பாய் விரித்து வைத்தது மாதிரி. இதைச் சொல்லிவிட்டு, அரம் எடுத்து, மறுபடி தேய்த்து, மறுபடி சிவப்பு அடிக்க வேண்டும். அதுதான் சரி. பட்டறையாக இருந்தால் மேஸ்திரி இதற்குள் அம்மாவையும் அக்காவையும் இழுத்திருப்பார். இளவழகன் வாயைத் திறந்தான்.

"நான் ஏறுற படகு பாக்க லட்சணமா இருக்க வேணாமா?" என்றாள் நீலாம்பாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை. வளைகிற இடத்தில்கூட, வயிறு குறுகிப்போகிற முனையில்கூட, அகலத்தைப் பார்த்துப் பார்த்துக் குறைத்திருந்தாள். அந்த மதில் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு இப்போது தெரிந்தது.

"நல்லாருக்கு புள்ள" என்றான்.

"அவ்வளவுதானா? பாத்தியா விஜயா, நாம முதுகு ஒடிஞ்சதுக்கு."

"ரொம்ப நல்லாருக்கு."

வைகாசியில் டிராக்டரில் ஏற்றி முத்துப்பேட்டை கொண்டுபோய் இறக்கினார்கள். ஜாஃபர் சாதிக் கூட வந்து, கயிறு எப்படி, காற்று எப்படி, பாயை எப்போது தளர்த்துவது என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தார். கைவந்த பிறகு ஒரு நாள் நீலாம்பாள் வந்தாள். கரையில் நின்று தண்ணீரை வெகுநேரம் பார்த்தாள், முதலாளியைப் பார்க்கிற மாதிரி. புடவையை வழக்கம்போல் முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதற்கு அவசியமில்லை என்று தெரிந்து, இறக்கிவிட்டுக்கொண்டாள்.

காற்று பாயில் வந்து உட்கார்ந்தது. படகு நகர்ந்தது. என்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, யாரும் எதையும் இழுக்கவில்லை. அலையாத்திக் காடு ரெண்டு பக்கமும் பச்சையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. வேர்கள் தண்ணீருக்கு மேலே விரலை நீட்டிக்கொண்டு நின்றன. வாய்க்கால் தாண்டிக் காயல் விரிந்ததும் கரை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. வானம் கீழேயும் கிடந்தது. கொக்குக் கூட்டம் ஒன்று எழும்பி, தலைகீழாக இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்து பறந்தது. நீலாம்பாளுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் கணுக்காலைப் பிடித்து இழுக்கிற தண்ணீர். இந்தத் தண்ணீர் காலைப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, யோசித்து யோசித்து, ஒரு காலை மட்டும் ஓரமாகத் தொங்கவிட்டாள். விரல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

இளவழகன் சுக்கானைப் பிடித்திருந்தான். கையை நீட்டினால் அந்தக் கால் எட்டும். அவன் நீட்டவில்லை. முழிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"ஏங்க" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ஓட்டுங்க."

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவில் ஒரு நாள் ஓய்ந்தால் போதும், பஸ் ஏறி முத்துப்பேட்டை போகலாமா என்பாள். விஜயலட்சுமி கிண்டல் செய்தாள்: "தண்ணின்னாலே காத தூரம் ஓடுனவ, இப்ப தண்ணிக்குன்னே பஸ்ஸு புடிக்கிறா." ஆடி வந்தது, ஆவணி வந்தது. படகு மெல்ல மெல்லச் சோர்ந்தது. முன்னெல்லாம் சின்னக் காற்றுக்கே துள்ளினது, இப்போது பெருங்காற்றுக்கும் கிழட்டு மாடுபோல் நகர்ந்தது.

"என்னங்க இது, முன்ன மாதிரி போவல?"

"காத்து இல்ல புள்ள."

"பாய் பொடைச்சுக்கிட்டு நிக்கிது, காத்து இல்லங்கிறீங்க."

"அது மேல்காத்து. கீழ்க்காத்து இல்ல."

நீலாம்பாள் நம்பினாள். காற்றைத் திட்டினாள். "இந்தப் பாழாப்போன கீழ்க்காத்துக்கு என்ன கேடு" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். இளவழகன் சுக்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

ஐப்பசி மழை தொடங்குமுன் படகைக் கரையேற்றினார்கள். மீன்காரர்கள் நாலு பேர் கைகொடுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இளவழகன் நீலாம்பாளை டீ வாங்கிவர அனுப்பப் பார்த்தான். அவள் போகவில்லை.

சிவப்பில் வழுவழுப்பாகக் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். அங்கங்கே தேய்ந்து கறுப்புத் தலைகாட்டியிருந்தது. வெள்ளைக் கோட்டின் மேல் கொட்டலசு அரிசி அரிசியாக, முத்து முத்தாக, விரல்கனத்துக்கு அடை அடையாகக் குடியேறியிருந்தது. கோட்டைத் தாண்டி ஒன்றுகூட வரவில்லை. நூல் பிடித்த மாதிரி நின்றது. வெள்ளைப் பட்டையெல்லாம் சிப்பிச் சுவராக எழும்பி, சிவப்புப் பட்டையெல்லாம் பள்ளமாகக் கிடந்தது. வெயில் பட்டு ஓடுகளுக்குள் நுரை வெடிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது. ஒரு குட்டி நண்டு வெளியே வந்து, ஊரைக் காணாமல் மறுபடி உள்ளே போனது.

நீலாம்பாள் விரலால் ஒரு கோட்டைத் தடவிக்கொண்டே வால்வரைக்கும் நடந்தாள்.

"செவப்புல ஒண்ணுகூட இல்ல."

"ம்."

"என் கோட்டுலதான் எல்லாம் வந்திருக்கு."

"ம்."

"களத்துலயே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? ஒக்காந்து அழிச்சுக் குடுத்திருப்பேன்ல."

"அழிச்சிட்டு ஏறியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "மாட்டேன்" என்றாள். ஒரு ஓட்டை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். "அப்ப கீழ்க்காத்து இல்லன்னது?"

"அப்படி ஒரு காத்தே கெடையாது."

"அடப்பாவி மனுசா! அதை என்ன பேச்செல்லாம் பேசுனேன்!" புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

இளவழகன் தார்ப்பாயை விரித்து, சுரண்டியை எடுத்தான். அவளும் பக்கத்தில் குந்தி, இன்னொரு சுரண்டிக்குக் கை நீட்டினாள்.

"நீ வேணாம். இது நெஞ்சுக்கு ஆவாது. நான் பட்டது போதும்."

"ஒங்க மூக்கு மூடிய இப்படிக் குடுங்க. நீங்க துண்டு கட்டிக்கிடுங்க." மாஸ்க்கை மாட்டிக்கொண்டதும் அவள் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "அடுத்த வருசம் மேல்பக்கம் போட்டுக்கிறேன், தண்ணி தொடாத எடத்துல. அடி ஒங்களுது, மேலு என்னுது."

கோட்டின் ஓரத்தில் சுரண்டியை வைத்து, நாற்றைப் பிடுங்குகிற தோதில் ஒரு நெம்பு நெம்பினாள். ஓடுகள் நொறுங்கிக் கொட்டின. அடியில் எனாமல் அப்படியே வெள்ளையாக நின்றது. மறுபடி நெம்பினாள், வரவில்லை. முழங்காலை ஊன்றி இளவழகனும் சேர்ந்து நெம்பினான். ஒரு விரல்கடை உரிந்தது.

"என்ன புள்ள, இப்படிப் புடிச்சிருக்கு?"

"பின்னே? நாலு வருசத்துக்குக் கேரண்டின்னு சொல்லித்தான் குடுத்தான் கடைக்காரன்" என்றாள் நீலாம்பாள்.